உம்மாவின் மீசை

துணிச்சல்காரர்களால் ஒரு வீட்டுக்கு வரும் கேடு குறைவுதான். அவர்கள் ஒரு தப்பைச் செய்வார்கள், ஏச்சு வாங்குவார்கள், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பயந்த சுபாவக்காரர்கள் தப்பு நடந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே நாலு ஏற்பாடு செய்வார்கள். வீட்டைக் கவிழ்ப்பது அந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் இரண்டாவது ரகம். மகள் ஹனா பிறந்த பிறகு அது முற்றிப்போனது. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு விழித்து அழுவாள். ஏன் இப்படி அழுகிறாள் என்று இணையத்தில் தேடுவேன். (தேடவே கூடாது. மூக்கடைப்பில் ஆரம்பித்து மூன்றாவது பக்கத்தில் நம்மை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிடும்.)

காயல்பட்டினத்தில் எங்கள் வழக்கப்படி கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் மாப்பிள்ளையும் அப்படி வந்தார். வந்த கொஞ்ச நாளில் சவூதியில், தம்மாமில் வேலை என்று போய்விட்டார். வீட்டில் நான், ஹனா, என் உம்மாவின் தங்கையான சாச்சி, அவர் கணவர் காதர் சாச்சா. உம்மா நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட்டார். என்னை வளர்த்தது சாச்சி.

உம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. யாரோ ஏசிக்கொண்டிருக்கும்போது எடுத்ததுபோல் உதட்டை இறுக்கி, கண்ணை விரித்து இருப்பார். ஆனால் ஹனா சிரிக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "அப்படியே சுலைகா சிரிப்பு." எனக்கு அது பெரிய குறையாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்த என் உம்மாவின் சிரிப்பு எனக்குத் தெரியவில்லை. பார்த்திருப்பேன், ஞாபகமில்லை.

ஒருநாள் சாச்சி ஹனாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது வாய்தவறி, "எங்கல்யாணத்துல எடுத்த படத்துல பாக்கணும், ஒங்கும்மா சிரிச்ச சிரிப்ப" என்றார்.

"எந்தப் படம் சாச்சி?"

சாச்சி ஸ்பூனை ஹனாவின் வாயில் வைத்தபடியே உறைந்துவிட்டார். "படமா? நான் எப்பப் படம்னு சொன்னேன்?"

நான் விடவில்லை. பல நாள் கெஞ்சி, ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து (மதியம் மட்டும், பால் கொடுக்கிறவள் அதற்கு மேல் தாங்க மாட்டாள்) விஷயத்தை வாங்கினேன். சாச்சியின் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் மதியம், ஆண்கள் எல்லோரும் விருந்துக்குப் போயிருந்தபோது, சொந்தத்துப் பெண்கள் உள்வீட்டில் கூடிக் கூத்தடித்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருத்தியிடம் கேமரா இருந்திருக்கிறது. அவளே ஊருக்குத் திரும்பி, அங்கே தெரிந்த பெண்ணிடம் கொடுத்துக் கழுவி, ஒரு செட் போட்டு அனுப்பியிருக்கிறாள். படங்களைக் கரையான் தின்றுவிட்டது. நெகட்டிவ் மட்டும் மிச்சம்.

சாச்சி அதை முகப்பவுடர் டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில், முடி வெளுத்து, பல் கறுத்து, யார் யாரென்றே தெரியாத பெண்கள். அதில் என் உம்மா எது என்று சாச்சிக்கே சொல்லத் தெரியவில்லை.

"தூத்துக்குடில ஒரு ஸ்டூடியோவுல குடுத்தா..."

"அங்க உள்ளவன் ஒவ்வொருத்தியையும் பெருசு பண்ணிப் பாத்துட்டுத்தான் குடுப்பான். இதுல இருக்குறவளுவோட்ட நான் அன்னைக்கே சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன் மர்யம். ஒரு ஆம்புள கண்ணுல பட்டுறக் கூடாது. இப்படியே கெடக்கட்டும். இப்படி இருந்தா யாருக்கும் யாரையும் தெரியாதுல்ல."

அப்போதுதான் நான் அந்த வாக்கைக் கொடுத்தேன். "வீட்டிலயே நான் செஞ்சிருதேன் சாச்சி. என்னைத் தவிர யாரும் பாக்க மாட்டாங்க. நான் கம்ப்யூட்டர் படிச்சவ." (பி.எஸ்ஸி. முதல் வகுப்பு. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் பிறகு நானே கழற்றி வைத்துவிட்டேன்.)

எதற்கென்று கேட்காதீங்க என்று மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு ஸ்கேனர் வாங்கி, ஊருக்கு வந்த ஆள் வசம் கொடுத்தனுப்பச் செய்தேன். பால் மாவுக்கும் தைலப் புட்டிகளுக்கும் நடுவே போர்வை சுற்றி வந்து சேர்ந்தது. தட்டையான கண்ணாடி ஸ்கேனர். மூடிக்குள்ளும் ஒரு விளக்கு உண்டு. நெகட்டிவுக்குள் வெளிச்சம் மேலிருந்து ஊடுருவி வர வேண்டுமாம். இது தெரியாமல் முதல் நாள் மூடியின் வெள்ளை அட்டையைக் கழற்றாமலே எடுத்து, முழுக்கக் கறுப்பாக வந்த படங்களைப் பார்த்து, சாச்சியின் கல்யாணமே அழிந்துவிட்டது என்று அழுதேன். சாச்சி வந்து பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றார்.

அட்டையைக் கழற்றியதும் படம் வந்தது. கூடவே தூசியும் வந்தது. இத்தனை வருடம் பவுடர் டப்பாவில் கிடந்த சுருள் அல்லவா? ஒவ்வொரு படத்திலும் மார்கழிப் பனி பெய்தது. ஹனாவுக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் குமிழை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதனால் ஊதினேன். அவளுடைய மெல்லிய துணியால் ஒற்றினேன். தூசி பறக்குமென்று மின்விசிறியை நிறுத்தினேன். யாரும் பார்க்கக் கூடாதென்று ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். கதவைத் தாழிட்டேன். கடற்கரை ஊரில், அந்தப் புழுக்கத்தில், ஆவியில் வேகிற இட்லி மாதிரி உட்கார்ந்து, ஒரு படத்துக்கு அது ஊர்ந்து முடிகிற வரைக்கும் காத்திருந்து காத்திருந்து எடுத்தேன்.

உம்மா அந்தப் படங்களில் இருந்தார். அதை இங்கே சொல்லிவிட வேண்டும். சாச்சி கதவைத் தட்டி உள்ளே வந்து, "இதோ, இதான் ஒங்கும்மா. இது நீ, இடுப்புல" என்று காட்டிக் கொடுத்தார். அப்போது எனக்கு நடை பழகும் வயது. உம்மாவின் இடுப்பிலோ காலடியிலோ ஒட்டிக்கொண்டு அநேகமாக எல்லாப் படத்திலும் இருந்தேன். "எங்க, பாத்தியா சிரிப்ப?" என்று கேட்டார் சாச்சி. "பாத்தேன் சாச்சி" என்றேன். நான் பார்த்தது உம்மாவின் கன்னத்தில் விழுந்திருந்த ஒரு நூல். அதை எடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடியட்டும், சுத்தம் செய்து, வரிசைப்படுத்தி, பெயர் வைத்து, பிறகு ஆற அமர உட்கார்ந்து உம்மாவைப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

இனி அந்த நாலாவது ஏற்பாட்டுக்கு வருகிறேன். கதவு, ஜன்னல், மாப்பிள்ளையிடம் 'கேட்காதீங்க' என்று சொன்னது, இந்த மூன்றும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. என் லேப்டாப் பழையது. ஒருவேளை நின்றுவிட்டால்? சாச்சி இன்னொரு தடவை டப்பாவைத் தருவாரா? ஆகவே ஒவ்வொரு படமும் எடுத்த உடனே, நான் போனில் எடுக்கும் படங்கள் சேர்கிற அதே இணையக் கணக்கிலும் ஒரு நகல் சேரும்படி செய்து வைத்தேன். அந்தக் கணக்கைத் திறக்க என் கடவுச்சொல் வேண்டும். அதை எனக்கே ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அவ்வளவு பத்திரம்.

ஹனா பிறந்தபோது, அதே கணக்கில் 'ஹனா' என்று ஓர் ஆல்பம் தொடங்கியிருந்தேன். தம்மாமில் மாப்பிள்ளையும் அவர் தம்பிகளும் பார்க்க வேண்டும். போன் திரை கண்ணுக்குத் தெரியவில்லை என்று சாச்சா குறைப்பட்டதால், எங்கள் கூடத்து டிவியிலும் அதை இணைத்திருந்தேன். டிவி சும்மா இருக்கும்போது ஹனாவின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். தினமும் படங்களைத் தேர்ந்து சேர்க்கக் கைக்குழந்தைக்காரிக்கு ஏது நேரம்? அதற்கும் ஒரு வசதி இருந்தது. ஹனாவின் முகத்தை ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டால், அவள் இருக்கிற படங்களை அதுவே கண்டுபிடித்து ஆல்பத்தில் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டது. நான் மறந்துபோனேன்.

அந்த வயதில் நானும் ஹனாவும் ஒரே முகம் என்று எந்த மனிதரும் அதுவரை சொன்னதில்லை. அந்த எந்திரம் கண்டுபிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுது, சாப்பாடு முடிந்து, கூடத்தில் சாச்சா, அவருடைய அண்ணனான காக்கா, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் செய்தியை நிறுத்திவிட்டு யாருக்கோ பெண் கேட்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் போர்வை கட்டிய அறையில் குமிழால் ஊதிக்கொண்டிருந்தேன். ஊதும்போது பேச்சு காதில் விழுந்தது.

"ஏல காதரு," என்றார் சாச்சாவின் காக்கா, "இது நீயா?"

சாச்சா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"நானாத்தான் இருக்கும். கோட்டு எனக்குள்ளதுதான்."

"மீசை வச்சிருந்தியா அப்ப?"

"இல்லியே."

"கால நீட்டிக்கிட்டு, தொடைல கைக்குட்டய விரிச்சுக்கிட்டு, நாடியத் தூக்கிக்கிட்டு... நீதான்ல. இந்தா, இப்ப உக்காந்திருக்கியே, அதே மாதிரி."

"ம்."

"சரி, மடியில யாரு புள்ள? அது ஏன் இந்தக் கத்து கத்துது? கல்யாணக் கோட்டைப் போட்டுக்கிட்டு மடியில புள்ளய வச்சிருக்கியே, ஒனக்கு அதுக்குள்ள ஏதுல புள்ள?"

என் கையிலிருந்து குமிழ் விழுந்தது. அந்தப் படத்தை நான் முந்தைய நாள்தான் எடுத்திருந்தேன். புது மாப்பிள்ளை பெண் வீட்டில்தானே தங்குவார். அவர் கோட்டும் அங்கேதானே தொங்கும். அதை எடுத்து மாட்டிக்கொண்டு, கண் மையால் மீசை வரைந்து, புது மாப்பிள்ளை எப்படி உட்காருகிறார் என்று பெண்களுக்கு நடித்துக் காட்டியது என் உம்மா. மீசையைக் கண்டு மடியில் அலறுவது நான்.

ஓடப் பார்த்தேன். கதவைத் திறக்கும்போது தலையில் துணியில்லை என்பது ஞாபகம் வந்து திரும்பினேன். (இந்த நேரத்தில்கூட ஒழுங்கு.) துப்பட்டாவைத் தேடிக்கொண்டிருக்கையில், கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. அடுத்த படம் வந்துவிட்டது. மணப்பெண் சாச்சி நடுவில், இரண்டு பக்கமும் தோழிகள், தலையில் எதுவுமில்லாமல், வாயெல்லாம் பல்லாக, காலடியில் நான்.

கதவிடுக்கில் பார்த்தேன். நான்கு ஆண்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாச்சா எழுந்து ரிமோட்டைத் தேடினார். அது தரையில் உட்கார்ந்திருந்த ஹனாவின் வாயில் இருந்தது. பிடுங்கினால் அழுவாள் என்றோ என்னவோ, தோள்துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து டிவிக்கு முன்னால் நின்றுகொண்டார். டிவி பெரியது, சாச்சா ஒல்லி. அவருக்கு இடதுபுறம் ஒரு பெண்ணும் வலதுபுறம் ஒரு பெண்ணும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கத்தவள் தெரிந்தாள்.

அப்போது வீடு முழுக்கக் கரண்ட் போனது. சாச்சி அடுப்படியிலிருந்து போய் மெயின் சுவிட்சையே இறக்கியிருந்தார்.

அந்த அமைதியில் என் போன் அடித்தது. தம்மாமிலிருந்து மாப்பிள்ளை. "மர்யம், ஹனா ஆல்பத்துல யாரோ மீசைக்காரன் வர்றான். ஹனா ஏன் அவன் மடியில அழுவுறா? இங்க ரூம்ல எல்லாரும் கேக்குறாங்க."

"ரூம்ல எல்லாருமா?"

"புதுப் படம்னு காட்டினேன். பொம்பளைங்களா வரவும் மூடிட்டேன். நான் பாக்கல. சரியாப் பாக்கல."

அதன் பிறகு நான் செய்ததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. கரண்ட் வந்ததும் சாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். ஏசவில்லை. "அழி" என்றார். அழித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்யாத பெண் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியவள் நான். ஆல்பத்தில் அழித்தேன், கணக்கில் அழித்தேன், லேப்டாப்பில் அழித்தேன், அழித்தவை போய்ச் சேருகிற குப்பைத் தொட்டியையும் அழித்தேன். எங்காவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று மறுபடி ஒருமுறை தேடினேன். ஒவ்வொரு படமும் மறைவதற்கு முன் சின்னதாக ஒரு கணம் தெரிந்தது. ஒன்றில் உம்மா அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். 'சாச்சி, ஒரு நிமிஷம்' என்று சொல்லியிருக்கலாம். கேட்க எனக்கு முகமில்லை. கை வேகமாக அழித்துக்கொண்டே போனது.

எல்லாம் முடிந்தபின் சாச்சி சொன்னார்: "நீ தொலச்சுருவியோன்னு பயந்தேன் புள்ள. காட்டிருவன்னு பயப்படவே இல்ல."

அசர் தொழுகை நேரத்துக்கெல்லாம் செய்தி ஊர் சுற்றிவிட்டது. பெண்கள் போய்வர எங்கள் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒரு சந்து உண்டு; அது வழியாக அந்தப் படங்களில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

"டப்பாவுக்குள்ள சும்மா கெடந்தோம்," என்றார் மைமூன் மாமி, "ஒரு வெள்ளிக்கெழமையில தம்மாம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டோம். விசா இல்லாம."

"எம் படம் வந்துச்சா டிவியில?" என்று கேட்டார் ரஹ்மா ராத்தா.

"இல்ல ராத்தா. அதுக்கு முன்னாடியே நிப்பாட்டியாச்சு."

"வரலியா?" அவர் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "நல்லதுதான். அன்னைக்கு நான் அந்த மஞ்சச் சேலைதான் கட்டியிருந்தேன்."

"ஏன், வந்திருக்கணுமா ஒனக்கு?" என்றார் மைமூன் மாமி.

"ச்சே, நான் சும்மா கேட்டேன்."

சிரித்தார்கள். சாச்சி சிரிக்கவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். "அவவ மூஞ்சிய அவவ கொண்டு போங்க. இனி நான் காவல் காக்க முடியாது." ஒவ்வொரு கட்டத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, மூன்று நான்கு தலைகள் கூடி, இது நீ, இது நான் என்று பிரித்து, தனித்தனியாக வெட்டிக் கொடுத்தார். என் விரல் ரேகை படக்கூடாதென்று துணியால் பிடித்திருந்த நெகட்டிவை ஆளுக்கொன்றாக முந்தானையில் முடிந்துகொண்டார்கள். மைமூன் மாமி தன்னுடையதை அங்கேயே பொடியாக நறுக்கிவிட்டார். அவர் முகம், அவர் உரிமை. அதில் அவர் தோளில் சாய்ந்திருந்தது என் உம்மா.

ஏனென்றால் உம்மா எல்லோர் பக்கத்திலும் போய் நின்றிருந்தார். கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளாமல் அவருக்கு இருக்க முடியாதாம். ஆகவே ஒவ்வொருத்தியும் தன்னை எடுத்துக்கொண்டு போகும்போது என் உம்மாவையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார்கள். உம்மாவை எனக்கு விட்டுவிட்டுப் போங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

கடைசியில் ஒரு கட்டம் மிஞ்சியது. சாச்சி அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல வேற யாரும் இல்ல. நீயும் ஒங்கும்மாவும்தான். ஒனக்குள்ளது."

கோட்டும் மீசையும் போட்ட அந்தப் படம்.

சாச்சா என்னிடம் இதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். பல நாள் கழித்து, யாருமில்லாதபோது, "ஏம்மா மர்யம், நான் அப்படியா உக்காருதேன்?" என்று கேட்டார். இல்லை சாச்சா என்றேன். அன்றிலிருந்து கூடத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர் மாதிரி உட்காருகிறார். கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஹனாவுக்கு இப்போது நாலு வயது. மிஞ்சிய அந்த ஒரே கட்டத்தை மறுபடி ஸ்கேன் செய்து, 'இதான் ஒன் உம்மம்மா' என்று காட்டிக் காட்டி வளர்த்ததன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வாசலில் நல்ல அடர்த்தியான மீசையோடு கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். ஹனா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "உம்மம்மா" என்றாள். அவர் பயந்துபோனார். குடும்பத்தில் இப்போது மீசை வைத்த ஆண் யார் வந்தாலும், "சுலைகா வந்திருக்கா பாரு" என்று யாராவது உள்ளே குரல் கொடுக்கிறார்கள். சாச்சிகூடச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மீசைய அழிச்சுறலாமே," என்று மாப்பிள்ளை போனில் யோசனை சொன்னார். "இப்பதான் போன்லயே அதுக்கெல்லாம் வசதி வந்திருச்சே." செய்து பார்த்தேன். மீசை போய்விட்டது. அது இருந்த இடத்தில், அதன் கீழே என்ன இருந்திருக்கும் என்று போன் தானாக ஊகித்து, அழகான ஓர் உதட்டை வரைந்து வைத்தது. விளம்பரத்தில் வருகிற பெண்ணின் சிரிப்பு. நான் அதை நெடுநேரம் பார்த்தேன். உம்மாவுடையது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உம்மாவுடையது எப்படி இருக்கும் என்றுதான் தெரியவில்லை.

ஹனா எட்டிப் பார்த்தாள். "இது யாரு?" என்று கேட்டாள்.

மீசையைத் திருப்பி வைத்தேன்.

"உம்மம்மா," என்று சொல்லிச் சிரித்தாள். நான் போனைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. துடைக்கக் கை போனது. துடைக்கவில்லை, சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.